உங்கள் தெரு ஆந்தையிலிருந்து ஆரம்பியுங்கள்: வடசென்னையில் காட்டுயிர்ப் படம் எடுக்க ஒரு வழிகாட்டி

காட்டுயிர்ப் படம் எடுக்கும் ஆசை வந்தவுடன் முதுமலைக்கு எப்போது போகலாம், எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். வடசென்னைக்காரர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: முதல் ஆறு மாதம் எங்கேயும் போக வேண்டாம். வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஒரு புள்ளி ஆந்தை ஜோடியைக் கண்டுபிடியுங்கள். அந்த ஒரே ஜோடியைத் திரும்பத் திரும்பப் போய்ப் பாருங்கள். அது எப்போது விழிக்கிறது, எந்தக் கிளையில் உட்காருகிறது, எதைக் கண்டால் மிரள்கிறது என்பதெல்லாம் மனப்பாடம் ஆகட்டும். அதற்குப் பிறகு நீங்கள் எடுக்கிற படத்தில் வருகிற உயிர், ஊர் ஊராக அலைந்து அவசரத்தில் எடுத்த படத்தில் வராது.

கேமரா வாங்கிப் பையிலேயே வைத்திருப்பவர்களுக்கும் இன்னும் கேமராவே வாங்காதவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். மரத்தைக் கண்டுபிடிப்பது, ஆந்தையைப் பார்த்துப் பழகுவது என்ற முதல் இரண்டு படிகளுக்குக் கேமரா தேவையே இல்லை.

யாரைத் தேடப் போகிறோம்

நம் பக்கம் சுலபமாகப் பார்க்கக் கிடைப்பவை இரண்டு. முதலாவது புள்ளி ஆந்தை. மைனா அளவுதான் இருக்கும், ஆனால் குண்டு. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், மஞ்சள் கண்கள், அவற்றுக்கு மேலே வெள்ளைப் புருவம். பெரும்பாலும் ஜோடியாக இருக்கும். ஒரு மரப்பொந்தைப் பிடித்துக்கொண்டால் தொந்தரவு இல்லாதவரை வருடக்கணக்கில் அங்கேயே குடியிருக்கும். வண்டு, ஈசல், பல்லி, சுண்டெலி எல்லாம் தின்னும். பொழுது சாய்வதற்கு முன்பே விழித்து வெளியே வந்து உட்காரும் என்பதால் புதிதாகப் படம் எடுப்பவருக்கு இதைவிட நல்ல பறவை கிடையாது.

இரண்டாவது கூகை. காக்கையைவிடக் கொஞ்சம் சின்னது, இதய வடிவத்தில் வெள்ளை முகம், கறுத்த கண்கள், வெள்ளை வயிறு. பழைய கட்டடத்தின் மேல்தளம், கோயில் கோபுரத்து இடுக்கு, மூடிக் கிடக்கும் ஆலை, கிடங்கின் கூரை இதெல்லாம் அதன் வீடு. எலிதான் பிரதான உணவு. கிடங்குகளும் சரக்கு யார்டுகளும் மீன் சந்தையும் இருக்கிற நம் ஏரியாவில் எலிக்கா பஞ்சம்? நன்றாக இருட்டிய பிறகே வெளியே வரும், பறக்கும்போது துளி சத்தம் கேட்காது. சிறகின் முன் விளிம்பு சீப்புப் பல் மாதிரி அமைந்திருப்பதால் காற்று இரைச்சல் இல்லாமல் உடைந்து போகிறது. அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் புதியவர் படம் எடுக்கக் கஷ்டமான பறவை. முதல் வருடம் கூகையைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மரத்தைக் கண்டுபிடிப்பது

இதுதான் மொத்த வேலையில் பாதி. ஆந்தையைத் தேடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பவருக்கு ஆந்தை கிடைக்காது. முதலில் மரத்தைப் பாருங்கள். பட்டுப்போன கிளை ஒடிந்து விழுந்த இடத்தில் பொந்து விழுந்திருக்கிற பெரிய மரம் வேண்டும். தூங்குமூஞ்சி, அரசு, வேம்பு, புளி, நாட்டு வாதுமை என்று எதுவாகவும் இருக்கலாம். தலை முறிந்த பனை இருந்தால் இன்னும் நல்லது. பெரம்பூர் பக்கத்து ரயில்வே குடியிருப்புகள், தண்டையார்பேட்டையின் பழைய குவார்ட்டர்ஸ், மாதவரம் பால் பண்ணைச் சாலைகள், பழைய கல்லறைத் தோட்டங்கள், சர்ச் வளாகங்கள், பள்ளிக்கூட மைதானத்தின் ஓரங்கள். ஐம்பது அறுபது வருட மரங்கள் மிச்சமிருக்கிற இடங்கள் இவைதான். எந்த மரம், எந்தத் தெரு என்று எழுத மாட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மரம் கிடைத்ததும் தரையைப் பாருங்கள். பொந்துக்கு நேர் கீழே அடிமரத்தில் சுண்ணாம்பு ஒழுகிய மாதிரி வெள்ளை எச்சம் வழிந்திருக்கும். காக்கையும் கொக்கும்கூட மரத்தை வெள்ளையடிக்கும் என்பதால் அது மட்டும் போதாது. கீழே உருண்டை கிடக்கிறதா என்று தேடுங்கள். ஆந்தை இரையைப் பெரும்பாலும் முழுசாக விழுங்கிவிடும். செரிக்காத எலும்பு, முடி, வண்டின் ஓடு எல்லாம் வயிற்றுக்குள் உருண்டையாகச் சேர்ந்து, சில மணி நேரம் கழித்து வாய் வழியாக வெளியே வரும். புள்ளி ஆந்தையின் உருண்டை சிறியது. விரல் நுனி அளவில், கறுப்பும் பழுப்புமாக உதிரும். அதை ஒரு காகிதத்தில் வைத்து ஈர்க்குச்சியால் பிரித்தால் வண்டின் இறக்கை உறைகள் வெயிலில் மினுங்கும், அரிசி மணியைவிடச் சின்னப் பல்லித் தாடை கிடைக்கும். கூகையின் உருண்டை கட்டைவிரல் அளவு பெரியது. புதிதாக விழுந்திருந்தால் கறுப்பாகப் பளபளக்கும், காய்ந்தால் சாம்பல் நிறமாகிவிடும். உள்ளே எலி மண்டையோடே முழுசாக இருக்கும், முன்பல் இரண்டும் ஆரஞ்சு நிறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். கையுறை போட்டுக்கொண்டு பிரியுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கூட உட்கார வையுங்கள்.

மூன்றாவது, காது. பகலில் ஒரு மரத்தைச் சுற்றிக் காக்கைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு, ஒரே இடத்தைப் பார்த்துப் பாய்ந்து பாய்ந்து விலகினால் அங்கே கூகையோ பருந்தோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கரிச்சான், மைனா, அணில் மூன்றும் சேர்ந்து ஒரு பொந்தைப் பார்த்துச் சத்தம் போட்டால் புள்ளி ஆந்தையாக இருக்க வாய்ப்பு அதிகம். அணில் வாலைத் தூக்கித் தூக்கி, இடைவிடாமல் ஒரே தாளத்தில் கீச்சிடுவதைக் கவனியுங்கள், அது சும்மா விளையாட்டுக்குக் கத்துவதில்லை. சாயங்காலம் விளக்கு போடும் நேரத்தில் ஜோடி ஆந்தைகள் ஒன்றோடொன்று கரகரவென்று மாறி மாறிக் கத்தும். பத்து நிமிடம் சண்டை மாதிரி நடக்கும், திடீரென்று நின்றுவிடும். அந்தச் சத்தம் எந்தத் திசையில் ஆரம்பிக்கிறது என்று இரண்டு மூன்று சாயங்காலம் கேட்டாலே மரம் தெரிந்துவிடும். மெர்லின் என்ற இலவசச் செயலியில் ஆந்தைக் குரல்களைக் கேட்டுப் பழகிக்கொள்ளலாம். வீட்டுக்குள் மட்டும் கேளுங்கள், மரத்தடியில் போட வேண்டாம்.

எத்தனை மணிக்கு? நவம்பர் கடைசியில் நமக்கு 5:40 வாக்கில் சூரியன் மறைகிறது, ஜூன் கடைசியில் 6:35 தாண்டும். மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பொந்து வாயில் முதலில் தலை மட்டும் தெரியும். அசையாமல் கொஞ்ச நேரம் உலகத்தைப் பார்த்துவிட்டு வெளியே குதித்து, பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து ஒரு சிறகையும் அதே பக்கத்துக் காலையும் சேர்த்து நீட்டிச் சோம்பல் முறிக்கும். அதுதான் நீங்கள் எடுக்கப் போகிற முதல் நல்ல படம். முதல் வாரம் எடுக்காதீர்கள், சும்மா பாருங்கள்.

தெருவோடு பழகுங்கள்

ஆந்தைக்கு முன்னால் தெருவுக்கு நீங்கள் பழக வேண்டும். நீள லென்ஸோடு யார் வீட்டையோ பார்த்து நிற்கிற ஆளைப் பார்த்தால் எந்தப் பேட்டையிலும் சந்தேகப்படத்தான் செய்வார்கள், அதில் தப்பே இல்லை. நாமே முதலில் போய்ச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஏரியாவில் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"யாருப்பா நீ? எங்க வூட்டப் பாத்து இன்னா படம் புடிக்கிற?"

"இல்ல ஆயா, அந்த மரத்துல ஆந்த கீது. அத்த எடுக்கறேன்."

"அய்ய, அந்த சாக்குருவியா? அத்தப் போயி எதுக்குப்பா எடுக்குற, வெளக்கு வெக்கிற நேரத்துல."

கேமரா திரையில் ஆந்தையின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். ஆயா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கண்ணு இன்னாமா மஞ்சளா கீது பாரு" என்று பேரனைக் கூப்பிட்டார். அடுத்த கேள்வி, "மேல வந்து எடுக்கிறியா?"

இந்த "மேல வந்து" என்கிற வார்த்தைக்காகத்தான் இவ்வளவும். ஆந்தை உட்காருகிற கிளை பெரும்பாலும் தரையிலிருந்து பதினைந்து இருபது அடி உயரம். கீழே நின்று எடுத்தால் வயிறும் தாடையும்தான் வரும், பின்னால் வெளுத்த வானம். இரண்டாவது மாடி மொட்டை மாடியிலிருந்து எடுத்தால் கண்ணுக்குக் கண் நேராக இருக்கும், பின்னால் இலைப் பச்சை வரும். காட்டில் மறைவிடம் கட்டி எடுப்பவர்களுக்குக்கூட இவ்வளவு வசதி வாய்க்காது. மாடி இல்லையென்றால் மரத்தை விட்டுப் பின்னால் தள்ளித் தள்ளிப் போங்கள். தூரம் கூடக் கூடக் கோணம் தணியும்.

ஆந்தை கத்தினால் சாவு வரும் என்று நம்புகிறவர்களிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். ஜோடி ஒன்றையொன்று கூப்பிடுகிறது, குஞ்சு பசிக்குக் கத்துகிறது, ராத்திரி முழுக்க உங்கள் வீட்டு எலியைத்தான் பிடிக்கிறது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். எலி உருண்டையைக் காட்டினால் பேச்சே தேவைப்படாது. பொந்தை சிமெண்ட் வைத்து அடைக்க இருந்த வீட்டுக்காரர் மனம் மாறினால் அது உங்கள் எந்தப் படத்தையும்விடப் பெரிய விஷயம். அந்தத் தெருக்காரர்கள்தான் ஆந்தைக்கு நிரந்தரக் காவல், நாம் வந்து போகிறவர்கள். எடுத்த படத்தில் ஒன்றைப் பிரிண்ட் போட்டு அந்த வீட்டில் கொடுங்கள்.

கேமராவும் அமைப்பும்

வாங்காதவர்கள் முதலில் 8×42 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். ஆந்தையைப் பார்க்கக் கற்றுக்கொள்ள அது போதும். கேமரா என்றால், 70-300 மி.மீ. லென்ஸ் போட்ட பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றே தெரு ஆந்தைக்குத் தாராளம். நிக்கான் பி950 மாதிரி 83 மடங்கு ஜூம் இருக்கிற, லென்ஸ் சேர்ந்தே வரும் ஒற்றைக் கேமராக்கள் பகல் வெளிச்சத்தில் பிரமாதமாக வேலை செய்யும், ஆனால் சென்சார் சின்னது என்பதால் அந்தி நேரத்தில் படம் குழம்பும். ஆந்தையின் நேரமே அந்திதான் என்பதை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள். பழைய லென்ஸ் வாங்கும்போது ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார்க்க வேண்டும். சிலந்தி நூல் போலப் படர்ந்திருந்தால் பூஞ்சை, வாங்காதீர்கள். சென்னை ஈரத்தில் புது லென்ஸிலும் பூஞ்சை வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பதே மலிவான காவல்.

ஆந்தை சும்மா உட்காருகிற பறவை. அதனால் ஷட்டர் வேகத்துக்குப் பயப்பட வேண்டாம். லென்ஸில் அதிர்வு தடுக்கும் வசதி இருந்தால் 1/125 நொடி போதும், இல்லையென்றால் 1/320-க்குக் கீழே இறங்க வேண்டாம். வெளிச்சம் நுழைகிற லென்ஸ் துளை (அபெர்ச்சர்) முழுசாகத் திறந்திருக்கட்டும். வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விட்டு 6400-இல் உச்சவரம்பு வையுங்கள். நாலைந்து படம் தொடர்ச்சியாக எடுத்தால் ஒன்றாவது அசையாமல் வரும். மாடியில் ட்ரைபாட் தேவையில்லை. ஒரு துணிப்பையில் அரிசியை முக்கால் அளவு நிரப்பிக் கட்டிக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்து, லென்ஸை அதன்மேல் அழுத்திக்கொள்ளுங்கள். ஃபோகஸ் புள்ளி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் இருக்கிற கண்ணில் வையுங்கள். இலைக்கு நடுவே இருக்கும் ஆந்தையைக் கேமரா தானாகப் பிடிக்க விட்டால் முன்னால் இருக்கிற இலையைத்தான் பிடிக்கும்.

வெளிச்சக் கணக்கில் புதியவர்கள் எல்லோரும் தடுமாறுகிற இடம் இரண்டு. பொந்து வாயில் ஆந்தை இருக்கும்போது சுற்றிலும் இருட்டாக இருப்பதால் கேமரா படத்தைத் தேவைக்கு மேல் வெளுப்பாக்கிவிடும், புருவத்து வெள்ளையில் இறகே தெரியாது. கேமராவில் வெளிச்சத்தை ஈடுசெய்யும் அளவை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) -0.7 பக்கம் இறக்குங்கள். வானத்தைப் பின்னால் வைத்துக் கிளையில் உட்கார்ந்திருந்தால் நேர்மாறு, +1 ஏற்றாவிட்டால் ஆந்தை வெறும் கரிக்கட்டையாக வரும். இருண்ட பின்னணியில் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கு -1 என்பதையும் இப்போதே சேர்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏரிக்குப் போகும்போது தேவைப்படும். பிறகு திருத்த வசதியாக, கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் ரா கோப்பாகவே எடுங்கள்.

இருட்டிய பிறகு புள்ளி ஆந்தை தெருவிளக்குக் கம்பத்துக்கு வந்துவிடும். விளக்கில் மொய்க்கிற பூச்சிக்குத்தான். விளக்கு வெளிச்சமே உங்களுக்குப் போதும். நம் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்று ஓடுவதால் சில எல்.இ.டி. விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு நூறு முறை மினுக்கும், படத்தில் பட்டை பட்டையாக விழும். மெக்கானிக்கல் ஷட்டரில் 1/50 அல்லது 1/100 வைத்தால் பட்டை போய்விடும். ஆந்தை அசையாத நொடிக்குக் காத்திருந்து அழுத்துங்கள்.

கூடவே கூடாதவை

ஃபிளாஷ் அடிக்காதீர்கள். இருட்டுக்கு ஏற்ப அகல விரிந்திருக்கிற கண்மணியில் அந்த வெளிச்சம் பாய்ந்தால் கொஞ்ச நேரத்துக்கு அதற்கு எதுவும் சரியாகத் தெரியாது. அந்த நேரத்தில் ஒரு மின்கம்பியில் மோதினால் முடிந்தது. டார்ச்சை முகத்தில் அடிப்பதும் அப்படித்தான். உங்கள் கால் வழிக்கு மட்டும் மங்கலான சிவப்பு விளக்கு போதும்.

குரல் பதிவைப் போட்டுக் கூப்பிடாதீர்கள். வேற்று ஆந்தை தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று நினைத்து, பொந்தையும் குஞ்சையும் விட்டுவிட்டு விரட்ட வெளியே வரும். எலியைக் கட்டிப்போட்டு வரவழைப்பது, கிளையை வெட்டிப் பார்வையைச் சரிசெய்வது, கல்லெறிந்து தலையைத் திருப்ப வைப்பது இதையெல்லாம் செய்து எடுத்த படத்தை எனக்குக் காட்டவும் வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டைக் கணக்கில்தான் வருகிறது. ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்பதை ஆந்தையே சொல்லும். நிம்மதியாக இருக்கும் ஆந்தை உருண்டையாக, இறகு தளர்ந்து, ஒரு காலில்கூட நிற்கும். உங்களைக் கண்டதும் உடம்பை ஒடுக்கி நெட்டையாக நீண்டு, கண்ணைக் கீற்றாக்கினால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள். தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டிப் பார்ப்பதும் உங்களை எடை போடுவதுதான். கூகை என்றால் சீறும், அலகைச் சடசடவென்று தட்டும். அந்த இடத்திலேயே நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். தை முதல் சித்திரை வரை புள்ளி ஆந்தை கூடு கட்டும் காலம். அந்த மாதங்களில் பொந்துப் பக்கமே போகாமல் தூரத்து மாடியிலிருந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதுதான் சரி.

இடத்தை வெளியே சொல்லாதீர்கள். செல்போனில் எடுத்த படத்தோடு இருப்பிடத் தகவலும் ஒட்டிக்கொண்டு போகும், பகிர்வதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள். ஒரு மரத்தின் விலாசம் பரவினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே பத்து லென்ஸ் நிற்கும், அதற்கடுத்த வாரம் ஆந்தை இருக்காது. பிடித்து விற்கிறவர்களும் அதே படத்தைப் பார்க்கிறார்கள். பின்னால் சொல்கிறேன் என்றது இதைத்தான்.

துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, அனல் மின்நிலையம், ரயில் நிலையம் இவற்றின் வாசல்களையும் வளாகங்களையும் படம் எடுக்க வேண்டாம். வடசென்னையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இதில் ஒன்று வரும். அடையாள அட்டை பையில் இருக்கட்டும். காவலர் கேட்டால் கேமராவைக் காட்டி, ஆந்தைப் படத்தைக் காட்டி, போகச் சொன்னால் போய்விடுங்கள்.

அடுத்து எண்ணூர்

தெரு ஆந்தையில் கை பழகிய பிறகு கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் எண்ணூர்க் கழிமுகம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலைச் சேர்கிற இடம். கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயிலில் எண்ணூரில் இறங்கி, முகத்துவாரம் பக்கம் ஷேர் ஆட்டோ பிடிக்கலாம். மெட்ரோவில் வருகிறவர்கள் விம்கோ நகர் டிப்போவில் இறங்கி பஸ் மாறலாம். முதல் முறை போகும்போது அத்திப்பட்டு புதுநகர் வரைக்கும் ரயிலிலேயே போய்த் திரும்புங்கள். எண்ணூர் தாண்டியதும் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் விரியும். அன்றைக்குக் கூழைக்கடா எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று ஜன்னலிலேயே தெரிந்துவிடும்.

கூழைக்கடா, சங்குவளை நாரை, நெடுங்கால் உள்ளான், மீசை ஆலா, பழுப்புத்தலைக் கடற்காகம், செம்பருந்து, மூன்று நான்கு வகை மீன்கொத்தி, சில வருடங்களில் பூநாரைக் கூட்டம். அலையாத்திச் செடிகளின் அடியில் ஒற்றைக் கொடுக்கை வீசி வீசி ஆட்டுகிற சின்ன நண்டுகள். படுத்துக்கொண்டு எடுத்தால் அந்த நண்டு ஒன்றே ஒரு காலைப் பொழுதுக்குப் போதும்.

சூரியன் கடல் பக்கம் உதிப்பதால் காலையில் கடலோரம் நின்று மேற்கைப் பார்த்து எடுங்கள், வெளிச்சம் பறவையின் முகத்தில் விழும். ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர் மேல் கானல் ஆடும், எவ்வளவு விலை லென்ஸ் ஆனாலும் தூரத்துப் பறவை கலங்கும். அப்போது கிளம்பிவிடலாம். தண்ணீர் வற்றும் நேரத்தில்தான் சேற்றில் இரை தேடும் பறவைகள் கிடைக்கும். அமாவாசை, பௌர்ணமியையொட்டி ஏற்ற இறக்கம் அதிகம். எந்நேரம் வற்றும் என்று மீன்பிடிக்கிற அண்ணன்களைக் கேளுங்கள், எந்தச் செயலியைவிடவும் துல்லியமாகச் சொல்வார்கள். "இந்தப் பக்கம் எறங்கலாமாண்ணா, பொதையுமா?" என்பதையும் கேட்காமல் காலை வைக்காதீர்கள். அனல் மின்நிலையச் சாம்பல் படிந்திருக்கிற இடங்கள் பார்க்கக் காய்ந்த தரை போலவே இருக்கும், கீழே முழங்கால் அளவு சேறு. வலை விரித்திருக்கிற இடத்திலும், பறியை வைத்துக்கொண்டு கையால் இறால் தடவுகிறவர்கள் நடுவிலும் குறுக்கே போகாதீர்கள். அவர்களுக்கு அது வேலை நேரம்.

கூட்டத்தைப் பறக்கவிட்டுப் படம் எடுக்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிப் போகக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கிற பறவையை ஒரு படத்துக்காக விரட்டுவது கொடுமை. காத்திருந்தால் பருந்து வரும்போது அவையே பறக்கும். அப்போது 1/2000 வைத்துத் தயாராக இருங்கள்.

பின்னணியில் வரும் புகைபோக்கிகளை வெட்டி எறிந்துவிட்டு, ஏதோ ஆளில்லாத ஏரி மாதிரி படத்தைக் காட்டாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு இந்தக் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, இறகெல்லாம் கறை படிந்த கூழைக்கடாக்களின் படங்கள்தான் நிலைமையை ஊருக்குச் சொன்னது. தேதியோடு, உள்ளபடி எடுத்த படம் ஓர் ஆவணம். பறவை எங்கே வாழ்கிறது என்பதும் அதில் இருக்கட்டும்.

கரித்தூளும் உப்புக் காற்றும் இருக்கும் இடம் என்பதால் அங்கே லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள். முழுக்கை சட்டை, தொப்பி, கொசு மருந்து, தண்ணீர், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. பைக்கு இது போதும். எண்ணூர் தூரம் என்பவர்களுக்கு ரெட்டேரியும் கொரட்டூர் ஏரியும் இருக்கின்றன. தாழைக்கோழி, இலைக்கோழி, முக்குளிப்பான் எல்லாம் கிடைக்கும். புழல் ஏரி குடிநீர் ஏரி, கட்டுப்பாடு உண்டு, அனுமதித்த இடத்தில் மட்டும் நில்லுங்கள்.

அடிபட்ட ஆந்தை கிடைத்தால்

ஆந்தை பின்னால் அலைய ஆரம்பித்தால் தெருவில் எல்லோரும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள், அதனால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வடசென்னையில் முதல் எதிரி மாஞ்சா நூல். தடை இருந்தும் காற்றாடிக் காலம் முடிந்த பிறகும் மரத்திலும் ஆன்டெனாவிலும் அறுந்த நூல் தொங்கிக்கொண்டிருக்கும். இருட்டில் பறக்கிற பறவை அதில் சிறகை மாட்டிக்கொள்ளும். நூலைப் பிடித்து இழுக்காதீர்கள், இழுத்தால் தசைக்குள் இறங்கும். ஒரு பழைய துண்டைப் போர்த்தித் தலையை மூடினால் ஆந்தை அடங்கிவிடும். கால் நகம் கூர்மை என்பதால் துண்டோடு சேர்த்துக் காலைப் பிடித்துக்கொண்டு, நூலை இரண்டு பக்கமும் கத்தரியால் வெட்டுங்கள். உடம்பில் சுற்றியிருப்பதை மருத்துவர் எடுக்கட்டும். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், பாலும் சோறும் வேண்டவே வேண்டாம். வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படையுங்கள். மொட்டை மாடிகளில் தொங்குகிற நூலைச் சேகரித்துச் சுருட்டிக் குப்பையில் போடுவதையும் உங்கள் சாயங்கால வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பஞ்சு இறகோடு குஞ்சு ஒன்று தரையில் கிடந்தால் உடனே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பறக்கும் முன்பே பொந்தை விட்டுக் குதிப்பது அதன் வழக்கம், தாய் அங்கேயே மேலே இருக்கும். காயம் இல்லையென்றால் நாய், பூனை எட்டாத கிளையில் ஏற்றிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். இருட்டினதும் தாய் இரையோடு வரும்.

எழுதி வையுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, நேரம், வெளியே வந்த நிமிடம், உட்கார்ந்த கிளை, கொண்டுவந்த இரை, மழையா, பட்டாசா, மரத்தடியில் மண்டபப் பாட்டா என்பதையெல்லாம் குறியுங்கள். தீபாவளி ராத்திரிக்கு அடுத்த நாள் உங்கள் ஜோடி எத்தனை மணிக்கு விழித்தது என்பது வேறு யாருக்கும் தெரியாது. கணினியில் கோப்புறைக்கும் தேதியே பெயராக இருக்கட்டும்.

பார்த்ததை ஈபேர்ட் தளத்தில் பட்டியலாக ஏற்றுங்கள். தமிழ்ப் பெயர்களோடே பயன்படுத்தலாம். இடத்தைப் பொத்தாம்பொதுவாகப் பேட்டை அளவில் குறித்தால் போதும், பொந்தின் மேல் புள்ளி வைக்காதீர்கள். சென்னையில் 1978 முதல் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இயங்குகிறது. அவர்களைப் போன்ற அனுபவஸ்தர்களோடு ஒரு காலை நடந்தால் பறவை அடையாளம் காண்பதில் பல மாதச் சந்தேகம் தீரும். தனியாக ஆரம்பிக்கத் தயக்கமாக இருந்தால் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருடா வருடம் வருகிறது. பொங்கலையொட்டி நான்கு நாள் நடக்கும். குறைந்தது பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் கேட்டதையும் எண்ணி ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வீட்டு மொட்டை மாடியே போதும். போகி அன்றைக்குப் புகை அதிகம் இருக்கும், அன்று மட்டும் காலையை விட்டுவிட்டுச் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஏறுங்கள்.